எஸ்கேப் பொத்தானும் என் பெயரும்

இராஜபாளையம்
8-6-1992

அன்புள்ள வஞ்சுளவல்லிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ விட்டுப்போன நம் பேண்டேஜ் கம்பெனியில் போன மாதம் யூனிக்ஸ் மெஷினைத் தூக்கிவிட்டு டாஸ் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பழைய மெஷினில் நீ பழக்கிய வி.ஐ. எடிட்டரில் ஒரு வரி எழுதி முடித்தால் எஸ்கேப் பொத்தானைத் தட்டவேண்டும். அப்படி வரிக்கு வரி தட்டித் தட்டி, என் விரல் இப்போது என்னைக் கேட்காமலே தட்டுகிறது. இந்தப் புது சாஃப்ட்வேரில் எஸ்கேப் என்றால் எழுதியது வேண்டாம் என்று அர்த்தமாம். ஏற்றுமதிப் பட்டியல் மூன்று முறை காற்றோடு போயிற்று. மானேஜர் சுயம்புலிங்கம், "வெள்ளிக்குள்ள பட்டியல் வரலேன்னா, துணி மடிக்கிற பக்கம் போயிருங்கம்மா" என்றார். அங்கே பாதிச் சம்பளம். மில் மூடியதிலிருந்து என் வீட்டுக்காரர் ஈஸிசேரில்தான் இருக்கிறார், உனக்கே தெரியும்.

டாஸில் ஓடுகிற வி.ஐ. உன்னிடம் இருக்கிறதாமே, அனுப்பு. உன் கம்ப்யூட்டர் சென்டர் திறப்புக்கு நான் வராததை மனதில் வைக்காதே.

ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-6-1992

ஜெயபாய்க்கு,

மனதில் வைத்திருக்கிறேன். பிளாப்பி இந்தக் கடிதத்தோடு டவுன் பஸ் கண்டக்டர் மொக்கைச்சாமியிடம் வருகிறது. அரைமணி ஊர்க்கதை பேசாமல் வாங்கிக்கொள். வி.ஐ.யோடு கிரெப்பும் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லாக் கோப்பிலும் தேடித் தரும். வேலைக்கு மட்டும் பயன்படுத்து.

வஞ்சுளவல்லி

இராஜபாளையம்
15-6-1992

அன்புள்ள வஞ்சி,

பட்டியல் வெள்ளி மத்தியானமே முடிந்தது. மானேஜர் ஒரு வரி திருத்த உட்கார்ந்து, வி.ஐ.யை விட்டு வெளியே வரத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். செத்த நேரம் கழித்தே போனேன்.

பிறகு கிரெப்பில் என் பெயரைக் கொடுத்தேன். யார் என்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்க்கவேண்டாமா? பழைய மெஷினிலிருந்து இறக்கிய கோப்புகளில், இரண்டு வருஷம் முன்பு நீ மானேஜருக்கு எழுதியது வந்தது. 'இருவரில் ஒருவர் போதுமென்றால் என்னை அனுப்பிவிடுங்கள். ஜெயபாய்க்கு வேலை சுமார், வாய் அதிகம். ஆனால் அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது.'

நீ திமிரெடுத்துப் போனதாக நான் சொல்லாத ஆள் இங்கே இல்லை. மொக்கைச்சாமியிடமும் சொன்னேன். வி.ஐ.யில் தப்பான சொல்லை ஒரே கட்டளையில் கோப்பு முழுக்க மாற்றலாம். ஊரில் சொன்னதை மாற்ற ஆள் ஆளாகத்தான் பிடிக்கவேண்டும்.

வேலை சுமார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் வந்து கேட்க இருக்கிறேன், நீ வரச் சொன்னால்.

ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
18-6-1992

ஜெயபாய்,

நீ சொன்னதை மொக்கைச்சாமி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். தெரிந்துதான் பிளாப்பி அனுப்பினேன்.

மாற்றிச் சொல்வதை அவரிடமே தொடங்கு. பஸ் முழுக்கக் கேட்கட்டும்.

'சுமார்' என்று எழுதியதைத் திருத்தமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. வா, ஏட்டி.

வஞ்சி