துரையின் பின்னங்கால்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போன இடத்தில் வெற்றிலை கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அங்கே இருப்பவர்களை இந்நேரம் ஒரு வழி பண்ணியிருப்பாய். அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் துரைக்கு அடிபட்டுவிட்டது அம்மா.

ஒரு வேலையும் செய்யாமல் காலையும் மாலையும் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது என்று சொல்லி, தோட்டத்து மேனேஜரைக் கூப்பிடும் பெயரையே பூனைக்கு வைத்தவள் நீ. போன வாரம் அது சோற்று நேரத்துக்கு வரவில்லை. ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு நட்டிருக்கிறார்களே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள், அவற்றைக் காட்டுப்பன்றி தின்னாமல் இருக்கக் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். அதில் மாட்டிக்கொண்டது. கம்பியையும் அதைக் கட்டியிருந்த குச்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து நம் லயத்து வீட்டு வரிசையின் கால்வாய் ஓரமாகக் கிடந்தது. பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது.

அப்பா கம்பியை வெட்டி எடுத்தார். மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்து வைத்து வேட்டிக் கிழிசலால் கட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் கால்விரலில் முள் குத்தியபோதும் இதே மருந்துதான், இதே கட்டுதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறி உனக்கு இனிப்புநீர் வந்திருந்தது அப்போது யாருக்குத் தெரியும்? துரையின் கட்டை அவிழ்த்தபோது ஒரு அழுகல் வாடை வந்தது. எந்த வாடை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"டவுனுக்கெல்லாம் தூக்கிட்டுப் போவாதடி. ஊசி போட்டுக் கொன்னுடுவானுங்க. பூனைப் பாவம் பொல்லாதது லா. அது போக்குல போகட்டும், விட்டுரு."

"வலியில கத்துதுக்கா. அதைப் பாத்துக்கிட்டு இருக்கிறது மட்டும் புண்ணியமா?" என்றேன். கோபம்தான். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள் என்றும் தெரியும்.

பால் டின் வந்த அட்டைப்பெட்டியில் உன் பழைய கைலியை விரித்து, துரையைப் படுக்க வைத்து, நானும் அப்பாவும் டவுனுக்குப் போகும் உலு யாம் பஸ்ஸைப் பிடித்தோம். டவுனில் இருக்கும் கால்நடை ஆபீசுக்கு மாடு வளர்ப்பவர்கள்தான் போவார்கள். அங்கே நின்ற ஒருவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் இளவயது மலாய்க்காரர். பூனைமேல் பிரியம் உள்ளவர் என்று அவர் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. இரண்டே வழிதான் என்றார். காலை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வலி தெரியாமல் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம். காலை எடுத்தாலும் மயக்கத்திலேயே போனாலும் போய்விடும், ரொம்பப் பலவீனமாக இருக்கிறது. இதையெல்லாம் மலாயில் மளமளவென்று சொன்னார். நடுவில் 'பொத்தோங்' என்று ஒரு சொல் வந்தது. வெட்டுவது. அதற்கு மட்டும் அப்பாவுக்கு நான் தமிழ் சொல்லத் தேவைப்படவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டவர்தானே.

அன்றைக்கு நீ என்ன செய்தாய்? அவர் கையைப் பிடித்து இழுத்து உன் தலைமேல் வைத்துக்கொண்டாய். "என் காலை வெட்ட விடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. எரிஞ்சா முழு உடம்பா எரியறேன். மொட்டைக் காலோட நான் லயத்துக்கு வரமாட்டேன்." எங்கள் யார் பேச்சையும் நீ கேட்கவில்லை. அப்பா சத்தியம் பண்ணினார். காப்பாற்றினார். நீ முழு உடம்பாகவே எரிந்தாய்.

அந்த ஆபீசில் எனக்கு இரண்டு பயம் அம்மா. துரை செத்துப்போகுமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். பிழைத்துவிட்டால்? மூன்று காலோடு நடந்துவந்து அப்பா முன்னால் நின்றால், அவர் மனசு என்ன பாடுபடும்? டாக்டர் பேசும் மலாய் அப்பாவுக்கு முழுசாகப் புரியாது. இனிப் பிழைக்காதாம் என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பெட்டிக்குள்ளிருந்து துரை என்னைப் பார்த்தது. சொல்லாமல் விழுங்கிவிட்டேன். இருந்ததை இருந்தபடியே சொன்னேன்.

அப்பா துரையின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "ஒரு கால் போனா இது நடக்குமான்னு கேளு தாயி" என்றார்.

கேட்டேன். பிழைத்துவிட்டால் ஓடும், மரம்கூட ஏறும் என்று டாக்டர் சிரித்தார்.

"மனுசங்க?" என்றார் அப்பா. "மனுசங்களும் நடப்பாங்களான்னு கேளு."

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், சொல்லு? குனிந்து கைலியைச் சரிசெய்வதுபோல இருந்தேன். அப்பாவே டாக்டரைப் பார்த்து, "ஓராங்? ஓராங் போலே?" என்று, மனுசங்களுக்கும் முடியுமா என்று, தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளைக்கு எங்கள் கதை என்ன தெரியும்? "போலே, பாக்சிக்" என்றார் சந்தோஷமாக, பெரியவரைக் கூப்பிடும் மரியாதையோடு. முடியும், கம்பு ஊன்றி நடப்பார்கள், தன் மாமா ஒருவர்கூட அப்படித்தான் தினமும் கடைக்குப் போய்வருகிறார் என்றார்.

அப்பா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் துரையைக்கூட மறந்துவிட்டேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "வெட்டச் சொல்லு தாயி" என்றார். அவ்வளவுதான்.

துரை பிழைத்துவிட்டது. இன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்துவிட்டோம். விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அப்புறம் தத்தித் தத்தி அடுப்படிவரை போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்பா சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நடடா துரை, நட," என்றார். "இப்படி நடக்கலாம்னு அவளுக்குத் தெரியாமப் போச்சேடா."

சொல்லிவிட்டு அழுதார் அம்மா. உன் சாவுக்குக்கூட அவர் இப்படி அழவில்லை. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்தக் கையை ஏன் எடுத்து உன் தலைமேல் வைத்தாய்? உன்னோடு சேர்த்து அந்தச் சத்தியத்தையும் எரித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இனி அவர் ஒவ்வொரு நாளும் துரையின் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டாக வேண்டுமே.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் உடம்பில் ஓடுவதும் உன் ரத்தம்தான். நாளைக்கு எனக்கும் அந்த இனிப்புநீர் வரலாம், முள்ளும் குத்தலாம். அன்றைக்கு யார் கையையும் பிடித்து என் தலைமேல் வைக்கமாட்டேன். வெட்டுங்கள் என்பேன். கம்பை ஊன்றிக்கொண்டு இந்த லயத்துக்கே திரும்பி வந்து, அப்பாவுக்கு உலை வைப்பேன்.

உன் சொல்லை மீறப்போகும்,
உன் ஒரே மகள்,
சரசு