ஐந்தாவது பெயர்

ஜூலை 14, திங்கள்

தூறல். நனையும் அளவுக்கு இல்லை, குடையை மடக்கும் அளவுக்கும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. புவியியல் வீட்டுவேலை அங்கேயே முடிந்தது. மூளை ஜெனிதாவுடையது, கை என்னுடையது.

இடைவேளையில் அறிவிப்புப் பலகை முன் கூட்டம். எங்கள் குழு ஆய்வு மாகாணப் போட்டிக்குத் தெரிவு. ‘தோட்டத்து மலைகளின் பேச்சுப் பெயர்கள்’. கீழே நான்கு பெயர்: தர்ஷினி (நான்), தினேஷ், ஜெனிதா, யோகராசா.

யோகராசாவைக் கண்டதும் வகுப்பே சிரித்தது. நானும். அப்படி ஒருவன் கிடையாது. ஒன்பதாம் தரத்தில் நான் உண்டாக்கியவன். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யோகராசா. கரும்பலகையில் அதிபரின் மீசை வரைந்தது யோகராசா. நூலகத்தில் மூன்று புத்தகம் இன்னும் அவன் பேரில். ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் மாகாணம் வரை போன ஒரே மாணவன்.

பிறகுதான் எண்ணினேன். நான்கு. ஸப்னா இல்லை.

சிரிப்பை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பல் மட்டும் வெளியே இருந்தது.

நடந்தது இதுதான். பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

– எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். குழு வேலையை யார் உட்கார்ந்து எழுதினார்களோ அவர் பெயர் கடைசியில். பந்தி பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி. பழைய மிஸ்மார் கடைசிப் பெயரைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள்.
– எழுதியது ஸப்னா. முழுக்க.
– பெயர்கள் போடுகிற முன் அட்டையைக் கணினியில் அடித்தது நான். பகிடிக்கு யோகராசாவையும் சேர்த்தேன். கடைசி இடம் ஸப்னாவுடையது, அதைத் தொடக்கூடாது என்று அவனை அவளுக்கு மேலே போட்டேன். மரியாதையாகத்தான் செய்தேன்.
– புவியியல் மிஸ் புதியவர். மே மாதம் மாற்றலாகி வந்தவர். அனுப்பும் படிவத்தில் நான்கு பெட்டி. மேலே இருந்து நான்கு பெயரை எடுத்தார். ஐந்தாவது ஆள் உதவிக்கு வந்தவர் என்று நினைத்தாராம்.

ஸப்னா இன்று வரவில்லை. தடிமன், மூக்கடைப்பு. மத்தியானம் ரொட்டி, கட்டச்சம்பல். உறைப்பு தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். ஸப்னா வந்தாள். மடவளை பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். பலகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று இரண்டுக்கும் ஒவ்வொரு பகிடி தயாராக வைத்திருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

“யோகராசா எத்தின சனிக்கிழம ஹேவாஹெட்டைத் தோட்டத்துக்கு வந்த?”

 அவள் போனது ஆறு. நான் இரண்டு. அதில் ஒன்று பணிஸ் தின்னப் போனது. தினேஷும் ஜெனிதாவும் ஒன்று ஒன்று.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்ற அக்காமாரிடம் ஒவ்வொரு மலையாகக் கேட்டு எழுதியவள் அவள். கம்பனிக்கு ஒரு மலை ஏழாம் நம்பர். அவர்களுக்கு அழுமூஞ்சி மலை, எந்நேரமும் பனி சொட்டுவதால். பன்னிரண்டாம் நம்பர், கங்காணி வழுக்கின மலை. யார் வைத்த பெயர் என்று கேட்டதற்குப் பாக்கியம் அக்கா என்று ஒருவர் சொன்னார்: “பேரு வச்சவ பேரு யாருக்கும்மா தெரியும்?” ஸப்னா அதை அப்படியே முதல் பக்கத்தில் போட்டிருந்தாள். நல்ல இடம் என்று மிஸ் சிவப்பில் கோடு போட்டிருந்தார்.

மாகாணத்தில் மேடையில் விளக்கிச் சொல்ல வேண்டும். பெயர் உள்ளவர்கள்தான் ஏறலாம். மேடையில் தானே பேசப்போவதாக அந்த அக்காமாரிடமும் அவள் வாப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். வாப்பா கடைக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

பின்னேரம் வேறு பஸ்ஸில் போனாள்.

ஜூலை 17, வியாழன்

மழை. செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்தி வந்தேன்.

தினேஷ் திட்டம் போட்டான். அன்றைக்கு யோகராசாவுக்குக் காய்ச்சல். நாங்கள் மூவரும் மேடையில். ஸப்னா வரைபடம் தூக்கிக்கொண்டு கூட வரலாம், கீழே இருந்து சைகை காட்டலாம். ஜெனிதாவுக்கும் சம்மதம். அவளுடைய அப்பா யாழ்ப்பாணம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். உண்மையைச் சொன்னால் மொத்தமாக எடுத்துவிடுவார்கள், நாலு பேருக்கும் இல்லாமல் போகும் என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இல்லை, எனக்கு ஒன்றும் படவில்லை. தலையாட்டினேன்.

ஸப்னாவிடம் சொல்லும் வேலை எனக்கு. சொன்னேன். “ஏலா” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணனிடம் பொதுவாகக் கேட்டேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருக்கிறான். பெயர்களை எப்படி வரிசைப்படுத்துவார்கள்?

“எங்க பக்கம் மொதப் பேரு வேலை செஞ்சவங்க. கடைசிப் பேரு பெரியவரு. நடுவுல உள்ளவங்க டீ குடிச்சவங்க.”

எல்லா இடத்திலும் அப்படியா என்றேன். இல்லையாம். சில துறையில் வெறும் அகரவரிசை. சில இடத்தில் யார் என்ன செய்தார் என்று தனியாக எழுத வேண்டுமாம், அதிலும் எல்லோரும் எல்லாம் செய்ததாக எழுதுவார்களாம். குழாய் கழுவியவன், தராசு பார்த்தவன், அதாவது அண்ணன், கடைசிப் பக்க நன்றியில். ஒருமுறை அதிலும் இனிஷலைப் பிழையாகப் போட்டார்களாம்.

“ஒங்க ஆய்வுல ஒன் பேரு எங்க?” என்றான் அண்ணன்.

“மொதல்ல.”

“என்ன செஞ்ச?”

“அட்ட அடிச்சேன்.”

“நீ பேராசிரியராயிருவடி.”

அம்மா சிரித்தார். நான் தட்டைக் கழுவினேன். கழுவி முடித்த தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மப்பு வானம். முதலாம் பாடம் தொடங்க முன்பே மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். துணிச்சல் எல்லாம் இல்லை. மேடையில் ஒருவர் அழுமூஞ்சி மலையைப் பற்றிக் கேட்பதாகவும், நான் ஒரு பகிடி விட்டு எல்லோரும் கை தட்டுவதாகவும் யோசித்துப் பார்த்தேன். நடக்கக்கூடியதுதான். அதுதான் பிடிக்கவில்லை.

மிஸ் மேசை லாச்சியைத் திறந்தார். யோகராசாவுக்குச் சீருடை இல்லை, வறுமை, அதனால்தான் வருவதில்லை என்று தினேஷ் சொன்னதை நம்பி, ஒரு சேர்ட் வாங்கி அதில் வைத்திருந்தாராம். எடுத்துக் காட்டினார். கவர் பிரிக்கவில்லை.

நால்வரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் தந்தார். யார் யாருடைய பங்கு நூற்றுக்கு எத்தனை? பேசாமல் எழுத வேண்டும்.

தினேஷ் தனக்கு நாற்பது (படம் எடுத்தது, வரைபடம்). ஜெனிதா தனக்கு நாற்பத்தைந்து (பிழை திருத்தியது, “திருத்தாட்டி அது கட்டுரையே இல்ல மிஸ்”). நான் எனக்கு ஐந்து. ஐந்து எதற்கு என்று மிஸ் கேட்டார். அட்டைக்கு என்றேன். மூன்றையும் கூட்டினால் தொண்ணூறு. மிச்சம் பத்து. ஆறு சனிக்கிழமைக்குப் பத்து.

ஸப்னாவின் தாளில் இலக்கமே இல்லை. பதினேழு பெயர், எல்லாம் கொழுந்து எடுக்கிற அக்காமார். அவற்றுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: எழுதியது ஸப்னா.

மிஸ் நான்கு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்தார். யாருக்கும் ஏச்சு இல்லை. ஏசியிருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

மழை, வெயில், மழை. அதிபர் முடிவு. பெயரை மாற்ற வேண்டுமென்றால், இல்லாத மாணவனைப் பாடசாலை அனுப்பியது என்று கடிதம் எழுத வேண்டும். எழுத மாட்டார். ஆய்வு ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’ திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காரணம் நான். ஒரு மாதம் நூலகம் கூட்டவேண்டும்.

தினேஷ் பேசுவதில்லை. ஜெனிதா ஒரு முறை பேசினாள்: “உனக்கு விசர். நாலு பேற்ற சோத்திலயும் மண்.” ஓம் என்றேன், அவளுடைய தமிழிலேயே. அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பாள் என்று நினைத்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்தது.

வகுப்பில் ஒரு கதிரைக் கால் உடைந்தது. யார் என்று மிஸ் கேட்டார். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

பெரஹெரா ஊர்வலத்துக்குப் பந்தல் கட்டுகிறார்கள். ரோட்டில் நெரிசல். நூலகம் கூட்டினேன். தூசி, தும்மல் பதினொன்று.

ஸப்னா மூலை மேசையில். புதுக் கொப்பி. எட்டிப் பார்த்தேன், கையால் மறைக்கவில்லை. அதே ஆய்வு, முதல் வரியிலிருந்து. பழையதில் இருந்த பாக்கியம் அக்காவின் பேச்சு இதில் இன்னும் நீளம். முன்பு விட்டதையும் சேர்க்கிறாள் போல. தலைப்புக்குக் கீழே வெறுமை.

யாருக்காக எழுதுகிறாய், எங்கே அனுப்பப்போகிறாய் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, அந்த அக்காமாருக்கு வாசித்துக் காட்ட என்றாள். போட்டி இல்லாமல் போனதை அவளே போய்ச் சொல்ல வேண்டுமாம். வெறுங்கையோடு போக ஏலாதாம். கீழே பெயர் போடவில்லையே என்றேன்.

“முடிச்சிட்டுப் போடுவன். முடிக்க முந்தி பேர் போட்டா அது பேர் மட்டும்தான்.”

கூட்டினேன். ஒரே இடத்தை.

மணி அடிக்கும்போது எழும்பி, பையைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: “சனிக்கிழம வாறண்டா வா. எழுத இல்ல. வெரிசயில நிக்க. அவங்களுக்கு நீ செல்லு, யார் பேர் எப்படிப் போனன்டு. நா செல்ல மாட்டன்.”

சரி என்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை. தேடவும் இல்லை.

ஜூலை 26, சனி

பனி. முதல் பஸ். ஸப்னா முன் இருக்கையில், வாப்பா பக்கத்தில். நான் பின்னால், ஜன்னலோரம். தோசை இரண்டு, சம்பல் இல்லாமல்.

நிறுக்கும் இடம். பதினொரு மணி. கூடையோடு வரிசை. நான் கடைசியில் நின்றேன். முன்னால் இருந்த அக்கா திரும்பிக் கேட்டார், ஒன் பேரு என்னம்மா.

சொன்னேன். பிறகு மீதியையும் சொல்லத் தொடங்கினேன். தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.