வராத சக்கர நாற்காலிகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, காற்றுதான் இல்லை. வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், பாய் துடைக்க டெட்டால், மையத்துப் பிள்ளை கயலின் காலணிக்குப் புது வார்.

முற்பகலில் மையத்துக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு நான் பிசியோதெரபி கொடுக்கும் இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். கயலின் பயிற்சி முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அது பிடித்திருந்தது.

கேட்டது ஒன்றுதான். "சென்னையில இருக்கற உங்க தலைமை அறக்கட்டளை இந்த சென்டருக்கு முப்பது சக்கர நாற்காலி வாங்கிக் குடுத்ததா காட்டியிருக்காங்க. வந்துச்சா மேடம்?"

இங்கே இருப்பதே இரண்டு. அதுவும் திருக்காட்டுப்பள்ளிக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்றேன்.

"அந்தப் பணம் வெளிநாட்டுல ஒரு தீவிரவாதக் குழுவுக்குப் போயிருக்கறதா சந்தேகம். அவங்க வரிவிலக்கை ரத்து பண்றதுக்கான விசாரணை. வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் ஆபீஸுக்கு வந்து வாக்குமூலமா குடுத்துடுங்க."

ராஜசேகர் சாரா? இந்த மையத்தின் வாடகை, சம்பளம் எல்லாம் அவர் அறக்கட்டளையிலிருந்துதான். கயல் முதன்முதலாகக் கம்பியைப் பிடித்து நின்றபோது போனிலேயே அழுத மனிதர்.

மதியம் சாப்பிடவில்லை. டெட்டால் வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 9, புதன்

ஜமீலாவிடம் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பேச்சும் எழுத்தும் சொல்லித் தரும் ஆசிரியை. கூத்தாநல்லூர்க்காரி, வாரநாட்களில் மையத்தின் மாடியிலேயே தங்கல். கையிலிருந்த பட அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, ஊர்ல முதல்ல என் பேரைத்தான் இழுப்பாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைன்னா விட்டுடுவாங்களா?"

அட்டைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் ராஜசேகர் சாரே கூப்பிட்டார். அதே கனிவான குரல். "வாசுகி, நல்லாருக்கீங்களாம்மா? வரி ஆபீஸ்லேருந்து வந்தாங்களாமே. நாற்காலி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த மாசமே நிஜமா அனுப்பிடறேன்."

"பணம் எங்க சார் போச்சு?"

"அங்க நடக்கற போராட்டம் உங்களுக்குப் புரியாதும்மா. வரிவிலக்கு போயிடுச்சுன்னா ஒரு கம்பெனியும் நமக்கு நன்கொடை தராது. உங்க சென்டரை மூட வேண்டியதுதான். பிள்ளைங்களை நெனச்சுப் பாருங்க."

அந்தக் குழுவுக்குப் போகவில்லை என்று சொல்லவேயில்லை. ஒரு தடவைகூட. அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

ஜூலை 10, வியாழன்

எங்கள் வயலில் நடவு. வீட்டுக்காரர் ஆள் கிடைக்காமல் விடியற்காலையிலிருந்து அலைச்சல். சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னேன்.

"மூடிட்டா என்ன பண்ணுவே?" என்றார்.

"தெரியல."

"பொய் சொல்லித் திறந்து வெச்சா?"

கையைக் கழுவிக்கொண்டு திரும்பவும் வயலுக்குப் போய்விட்டார்.

அதிகாரி போகும்போது சொல்லிவிட்டுப் போன அந்தக் குழுவின் பெயரைப் போனில் தேடினேன். ஒரு சந்தையில் குண்டு. ஒரு சிறுமியின் படம். கயல் வயதுதான் இருக்கும். போர்வை முழங்காலோடு தட்டையாகக் கிடந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நாங்கள் இங்கே ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி நிமிர்த்துகிறோம். இந்தப் பிள்ளைகளைக் காட்டி வாங்கிய பணம் அந்தக் குழுவுக்கு.

ஜூலை 11, வெள்ளி

வேண்டாம் என்று சொல்லியும் ஜமீலா கூடவே பஸ் ஏறினாள். "நீங்க மட்டும் போனா, நான் ஒளிஞ்சுக்கிட்டேன்னு ஆயிடும்க்கா."

அதிகாரி இருவருக்கும் டீ வரவழைத்தார். ஜமீலாவிடமும் என்னிடம் கேட்ட அதே கேள்விகள்தான். கூடுதலாக ஒன்றும் இல்லை. சொந்த ஊரைக்கூடக் கேட்கவில்லை. நாற்காலி வரவில்லை என்றேன். போனில் ராஜசேகர் சார் பேசியதையும் சொன்னேன்.

"இதுக்கப்புறம் எங்க சென்டர் என்னாகும் மேடம்?"

"தப்பு பண்ணினது அறக்கட்டளை. நீங்க தனியா ஒரு அறக்கட்டளை பதிவு பண்ணி வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா வழி இருக்கு."

பஸ் ஸ்டாண்டில் இருவருக்கும் அகோரப் பசி. ஆளுக்கு இரண்டு பூரி செட்.

ஆகஸ்ட் 30, சனி

சென்னையிலிருந்து பணம் நின்றுவிட்டது. சம்பளம் இல்லை. மையத்து ஆயாவின் சம்பளத்தை மட்டும் எப்படியோ சமாளித்தேன். ஜமீலா கேட்கவே இல்லை. உம்மா கொடுத்தனுப்பிய இடியாப்ப மாவை எனக்கும் ஒரு டப்பா போட்டுக் கொடுத்தாள். கயல் கம்பியை விட்டுவிட்டு மூன்று அடி. விழவில்லை!

அக்டோபர் 28, செவ்வாய்

அடைமழை. பேப்பரில் வந்துவிட்டது: அறக்கட்டளையின் வரிவிலக்கு ரத்து. ராஜசேகர் சார் மேல் தனி வழக்கு. நாற்காலி வரவில்லை என்று மையத்தில் இருப்பவர்களே சொன்னதாகவும் நாலு வரி, எங்கள் ஊர்ப் பெயரோடு. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நியாயம் என்று மட்டும் தோன்றியது.

மருந்துக் கடையில் நிற்கும்போது பக்கத்து டீக்கடையில் ஒரு குரல். "அங்க ஒரு பாய் வீட்டுப் பொண்ணு இருக்குல்ல, அது வழியாத்தான் போயிருக்கும்."

நான் திரும்பினேன். அதற்குள் இன்னொரு குரல். கயலின் அப்பா முருகையன். குத்தகைக்கு நிலம் எடுத்து உழுகிறவர், அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "எம் பொண்ணு அப்பான்னு கூப்புடறதுக்கு ரெண்டு வருசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்த பொண்ணுய்யா அது. போலீஸ் வந்து நின்னாலும் இதையேதான் சொல்லுவேன். நீ என்னத்தக் கண்டே?"

ஜமீலாவிடம் இரண்டாவது பாதியை மட்டும் சொன்னேன். முதல் பாதியை அவளே ஊகித்துக்கொண்டாள்.

நவம்பர் 1, சனி

பெற்றோர் கூட்டம். இத்தனை மழையிலும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். மூட வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"நீங்க ஏன் டீச்சர் மூடறீங்க? அறக்கட்டளைதானே வேணும், நாங்க இருக்கோம்" என்றார் முருகையன்.

முடிவானவை: பெற்றோர்களே அறங்காவலர்கள். அறுவடையானதும் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல். கட்டட உரிமையாளர், பதிவு வரும்வரை வாடகை கேட்கமாட்டார். நான் வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வேலை, மூன்று நாள் இங்கே. செயலாளர், ஜமீலா.

ஜமீலா எழுந்து நின்றுவிட்டாள். "என் பேரு வேண்டாங்க. என்னால விண்ணப்பம் தள்ளிப்போயிடக் கூடாது."

"ஒன் பேரு இல்லைன்னா என் பேரும் இல்ல" என்றேன்.

"மொதல் பேராப் போடுங்க" என்றார் முருகையன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜமீலா சிரித்தபடியே முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

வந்துவிட்டது! வரிவிலக்குக்கான தற்காலிகப் பதிவு. மூன்று வருஷம், அதற்குள் ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும். காட்டுவோம்.

ஜமீலா உம்மாவுக்குப் போன் போட்டாள். "உம்மா, கெடச்சிருச்சும்மா" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. போனை வாங்கி மீதியை நான் சொன்னேன். வெளியே சுற்றிலும் அறுவடை இயந்திரச் சத்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன். பாயெல்லாம் வைக்கோல் தூசி, பெருக்கப் பெருக்க வருகிறது.

ஜனவரி 22, வியாழன்

பனி. தொண்டை கட்டல்.

பூதலூரிலிருந்து ஒரு பெண், இடுப்பில் நாலு வயதுக் குழந்தை. தலை நிற்கவில்லை. வாசலிலேயே நின்று, "பேப்பர்ல வந்த சென்டர் இதுதானுங்களா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேன்னவங்க?"

ஜமீலா என்னைக் காட்டினாள். நான் ஜமீலாவைக் காட்டினேன்.

அந்தப் பெண் குழந்தையைப் பாயில் கிடத்தினாள். "போன எடத்துல எல்லாம் நடந்துடுவா, நடந்துடுவான்னு சொல்லியே அனுப்புறாங்க. நீங்க உள்ளதைச் சொல்லுங்க."

இடுப்பு, முதுகு, கழுத்து என்று நிதானமாகப் பார்த்தேன். ஜமீலா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குழந்தை சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பியது.

"நடப்பாளான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா உக்காருவா. அதுக்கு நம்பிக்கை இருக்கு."

அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"உக்காந்தா போதுங்க. இன்னைக்கே ஆரம்பிங்க."