வீட்டுக்குள்ளை வந்த கரைப் பாட்டு

வடமராட்சி கிழக்கு,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கஜானிக்கு,

அம்மா எழுதிறன். நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வல்லிபுரத்தானைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்கிறன். நாங்கள் இஞ்சை சுகம். ஃபோனிலையும் இப்பிடித்தான் சொன்னனான், அது நீ பயப்பிடாமல் இருக்கச் சொன்ன சுகம், இது நெஞ்சிலை கைவைச்சுச் சொல்லுற சுகம். ஏன் அம்மா கடிதம் எழுதிறா எண்டு யோசிப்பாய். ஃபோனிலை உன்ரை குரல் கேட்டால் நான் அழுறன், என்ரை குரல் கேட்டால் நீ அழுறாய், கடைசியிலை ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிப்போட்டு வைக்கிறம், ஒரு விசயமும் ஒழுங்காய்ச் சொல்லி முடியேல்லை. தியாகலிங்கத்தாற்றை மகள் சுவர்ணா லீவு முடிஞ்சு திரும்ப ஸ்விஸுக்குப் போறாள், அவளிட்டை இதையும் மிளகாய்த்தூளும் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் குடுத்து விடுறன். தூள் இந்தமுறை நல்ல உறைப்பு, மருமகனுக்குப் பாத்துப் போடு, போனமுறை மாதிரி அந்த மனிசனை இரும விடாதை.

நீ போன கிழமை கேட்டதை நினைச்சு நினைச்சுத்தான் இதை எழுதிறன். அம்மா, என்ரை முகம் ஃபோனிலை வந்த உடனை அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிறார், அப்பாக்கு என்னோடை கோவமோ, வருத்தம் வந்து படுத்திட்டார் எண்டு கேட்ட உடனை நான் ஓடி வராததுக்கோ எண்டு கேட்டு அழுதாய். கோவம் இல்லை பிள்ளை. வெக்கம். அந்தப் பாரிசவாதம் வந்து வலக்கையையும் வாயையும் கட்டிப்போட்ட நாள் துவக்கம் அவருக்கு ஒரு சொல்லும் வரேல்லை. ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்த பிறகும் வாயைத் திறந்தால் வெறும் காத்துத்தான் வந்தது. கண்ணுக்கை எல்லாம் விளங்குது, சொல்லத்தான் ஏலாது. தான் பெத்த பிள்ளை பாத்துக்கொண்டிருக்க வாயைப் பிளந்துகொண்டு இருக்க எந்த மனிசனுக்கு விருப்பம். நீ ரிக்கெற் போடுறன், வேலையை விடுறன் எண்டு நிண்டாய். உன்ரை அண்ணை லோஜன் மறிச்சது சரி. இப்ப வரவேண்டாம், ஆடி லீவுக்குச் சின்னவளோடை ஆறுதலாய் வா, ஏன் எண்டு கேள்.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியிலை கதைக்கப் பழக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு, பிரதீபா எண்டு பேர், சாவகச்சேரிப் பக்கம். தங்கமான பிள்ளை, அப்பாவை ஐயா ஐயா எண்டு கூப்பிட்டு அலுக்காமல் பழக்கும். அந்தப் பிள்ளைதான் சொன்னது, மூளைக்குள்ளை கதை வாற பாதை அடைபட்டாலும் பாட்டு வாற பாதை வேறையாம், அது திறந்து இருக்கக்கூடும், ஐயாவுக்கு எந்தக் காலத்திலையும் பிடிச்ச பாட்டுகள் என்ன எண்டு யோசிச்சுப் போடுங்கோ அம்மா எண்டு. நான் முழிச்சுக்கொண்டு நிண்டன். இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழை இருந்தம், சோத்துக்கு என்ன கறி பிடிக்கும் எண்டு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு ஆர் கேட்டவை.

பிறகு இருந்து யோசிச்சதிலை ஒண்டொண்டாய் வந்தது. கலியாணம் செய்த புதிசிலை என்னைச் சைக்கிளிலை இருத்திக்கொண்டு சந்நிதி கோயிலுக்குப் போகேக்கை ஒரு சினிமாப் பாட்டை விசிலடிப்பார், எதிர்க்காத்துக்கு மிதிக்கேக்கை மூச்சு வாங்கிறது எனக்குத் தெரியக்கூடாது எண்டுதான் விசிலடிச்சவராம், அதைப் பிறகுதான் சொன்னார், அதாலை அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். மற்றது, இடம்பெயர்ந்து கொட்டிலிலை கிடந்த காலத்துப் பாட்டு. கறண்டும் இல்லை பற்றறியும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, இவர் கையாலை பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ பாடும். இவற்றை கை களைச்சால் பாட்டுக்காரியும் களைச்சு இழுப்பாள், நாங்கள் எல்லாரும் சிரிப்பம், அந்த நாளிலை சிரிக்கிறதுக்கு எங்களுக்கு வேறை என்ன இருந்தது. அந்தப் பாட்டை இப்ப எங்கை கேட்டாலும் எனக்கு வயிறு பசிக்கும். பேந்து நீ பள்ளிக்கூடத்திலை பாடிப் பரிசெடுத்த பாட்டு, கப் வாங்கினது நீ, ஒழுங்கை முழுக்க வீடுவீடாய்க் கொண்டு திரிஞ்சது அவர்.

லோஜன் எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கரும் கொண்டுவந்து வைச்சான். நாங்களும் கோழி முட்டையிடுமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற மாதிரி அவற்றை வாயையே பாத்துக்கொண்டு சுத்தி இருந்தம். உன்ரை பாட்டுக்குக் கண்ணாலை தண்ணி ஓடினது, மற்றதுகளுக்கு இடக்கை விரல் மெல்லமாய்த் தாளம் போட்டது, வாய் மட்டும் அசையேல்லை. பிரதீபா அதுவும் நல்ல அறிகுறிதான் எண்டு சொல்லிச்சுது. ஆனால் நாள் போகப்போக அவருக்கு ஆக்கினையாய்ப் போச்சு, ஒருநாள் அந்தப் பெட்டியை இடக்கையாலை தட்டி விழுத்திப்போட்டார். அண்டைக்குத்தான் எனக்கு நம்பிக்கை விட்டது பிள்ளை. குசினிக்குள்ளை போய் நிண்டு வாய்விட்டு அழுதன். இனி இந்த மனிசன் என்னை ஒருநாளும் கூப்பிடாதோ எண்டதுதான் நினைப்பு.

பாக்க வந்த இளையதம்பி அண்ணைதான் கேட்டார், அம்பா பாடிப் பாத்தியளோ எண்டு. உனக்குத் தெரியும், எங்கடை கரைவலையிலை அவர்தான் அடி எடுத்துக் குடுக்கிறவர், அப்பா கயித்திலை நிண்டு மற்றவையோடை பதில் பாடுற ஆள், கலியாணத்துக்கு முன்னம் துவக்கம் அப்பிடித்தான். எனக்கு அது யோசனையிலையே வரேல்லை. அம்பாவை ஆர் பாட்டெண்டு நினைச்சது, அது வலை இழுக்கிற சத்தம் எல்லே. அதுவும் வீட்டுக்குள்ளை அம்பா பாடினால் வலை வெறுமனே கரைக்கு வரும் எண்டு எங்கடை ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை, கரைப் பாட்டு கரையோடை எண்டு உன்ரை அப்பா முணுமுணுக்கவும் விடமாட்டார். அப்ப எங்களுக்கு நினைவு வராது, வெளியூர்ப் பிள்ளை பிரதீபாவுக்குக் கேக்கவும் தெரியாது. காதாலை கேட்ட பாட்டெல்லாத்தையும் போட்டுப் போட்டு, வாயாலை பாடின ஒரே பாட்டை விட்டுப்போட்டம். இளையதம்பி அண்ணையும் வீட்டுக்குள்ளை பாடேல்லை, படலை வரைக்கும் போய்த் திரும்பி நிண்டு, அப்பாவைப் பேர் சொல்லி, முத்துக்குமாருவைக் கரைக்குக் கூட்டிவாங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

அடுத்தநாள் காலமை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போனம். அவரை இருத்தின கதிரை மணலுக்கை புதையுது, லோஜன் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நிண்டான். இப்ப வலையை றைக்ரர்தானே இழுக்கிறது, அது உறுமிக்கொண்டு நிக்குது, இளையதம்பி அண்ணை போய் மிசினை நிப்பாட்டச் சொன்னார். பெடியள் முணுமுணுத்தவங்கள்தான், பேந்து அப்பாவைக் கண்டிட்டுக் கயித்திலை கைவைச்சாங்கள். கயித்தை அப்பாவின்ரை மடிக்கு மேலாலை விட்டு இடக்கையிலை குடுத்திச்சினம். இளையதம்பி அண்ணை குரலெடுத்தார், வலை கனக்குதோ எண்டு. பெடியள் கனக்குது கனக்குது எண்டு இழுத்தாங்கள். அப்பாவின்ரை கைதான் இறுகிச்சு. காத்து அடிக்குதோ, அடிக்குது அடிக்குது. வாய் திறந்துது, சத்தம் இல்லை. நான் கண்ணை மூடிப்போட்டன். பேந்து இளையதம்பி அண்ணை கரை தெரியுதோ எண்டு கேட்டார். தெரியுது தெரியுது எண்டதுக்குள்ளை ஒரு குரல், துருப்பிடிச்ச படலை திறக்கிற மாதிரி, பிந்தி, ஆனால் அந்தச் சொல்லேதான். கண்ணைத் திறந்து பாத்தன், அவற்றை வாய்தான். உன்ரை அண்ணை, பெரிய வீரன், கடலைப் பாக்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பி நிண்டு முகத்தைத் துடைச்சான். வலை கரைக்கு வரும்வரைக்கும் அவர் விடேல்லை, பதிலுக்குப் பதில் பாடிக்கொண்டே இருந்தார்.

பிரதீபாவுக்குச் சொன்ன உடனை அந்தப் பிள்ளை துள்ளிக் குதிச்சது. ஆராவது அடி எடுத்துக் குடுக்க வேணும், கையிலை கயிறும் இருக்க வேணும், அதுதான் ஐயாவுக்குச் சொல் வாற வழி, இனி வீட்டிலை நீங்கள் கேளுங்கோ அம்மா, தேவையானதைக் கேளுங்கோ எண்டிச்சுது. வீட்டிலையோ. நான் பயந்து போய் இளையதம்பி அண்ணையைக் கேட்டன். அவர், வலை வெறுமனே வந்தால் வரட்டும் தங்கச்சி, அவன் வெறுமனே இருக்கப்படாது எண்டார். அந்தச் சொல்லுக்கு அவருக்கு எத்தினை பிறவிக்கும் புண்ணியம்.

அப்ப யன்னல் கம்பியிலை ஒரு கயித்துத் துண்டைக் கட்டி மற்றத் தலைப்பை அவற்றை கையிலை குடுத்திட்டு நான் துவங்கினன். உனக்கு என்ரை குரல் தெரியும்தானே, கோயிலிலையே சொண்டை மட்டும் அசைக்கிற ஆள் நான். பொம்பிளை அம்பா பாடினதை எங்கடை ஒழுங்கையிலை ஆர் கண்டது. பசிக்குதோ எண்டு பாட, பசிக்குது பசிக்குது எண்டார். குளிருதோ எண்டால் குளிருது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, அக்கா என்ன வீட்டுக்குள்ளை வலை இழுக்கிறியளோ எண்டு கேட்டாள், ஓம், பெரிய மீன் ஒண்டு மாட்டியிருக்கு எண்டு சொன்னன். ஆனாலும் எனக்குள்ளை ஒரு யோசனை இருந்தது, நான் சொல்லுறதைத்தானே திருப்பிச் சொல்லுறார், கிளிப்பிள்ளையும் அதைச் செய்யுமெல்லே எண்டு. ஒரு மத்தியானம் சோறு போடட்டோ எண்டு பாடினன். கயித்தை ஒரு இழுவை இழுத்து, புட்டு புட்டு எண்டு பதில் பாடினார். பிள்ளை, நான் சிரிச்சனோ அழுதனோ எண்டு எனக்கே தெரியாது. மத்தியானத்திலை ஆர் புட்டுச் சாப்பிடுறது, ஆனால் அவிச்சன், அவிச்சுத் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் போட்டுக் குடுத்தன், கேட்டிருந்தால் குழல்புட்டுக்குத் தங்கப்பூவும் போட்டிருப்பன்.

அதுக்குப் பிறகு கயிறு இல்லாமலும் சொல் வரத் துவங்கிச்சு. தண்ணி, லோஜன், ஓம், வேண்டாம். வேண்டாம் கொஞ்சம் கூட வருது. நேற்று முன்தினம் நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிக்க உள்ளை இருந்து, இஞ்சேர் எண்டு கூப்பிட்டார். என்ரை பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிடாத மனிசன், எனக்கு அதுதானே பேர். விளக்குமாத்தைப் போட்டிட்டு ஓடினன். விசயம் ஒண்டும் இல்லை, கூப்பிட்டுப் பாத்தவராம். நெஞ்சிலை ஏத்தி வைச்சிருந்த கல்லை ஆரோ இறக்கி வைச்ச மாதிரி இருக்குது. கரையிலையும் ஒரு குறையும் இல்லை, சூடை மீனும் கீரி மீனும் நல்லாய்ப் படுகுது எண்டு இளையதம்பி அண்ணை பிடிச்ச கையோடை ஒரு பை கொண்டுவந்து தந்தார். பிரதீபா இன்னும் மாசக்கணக்கு எடுக்கும் எண்டுதான் சொல்லுது, நீட்டுக் கதை இப்ப வராது, வலக்கையும் உடனை சரிவராது. எண்டாலும் பாதை திறந்திட்டுது.

இனி உன்ரை விசயம். நேற்றுப் பின்னேரம் நான் அவருக்குப் பக்கத்திலை இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தன், ஒண்டும் பாடேல்லை. அவர் தானாய்க் கயித்தை எடுத்தார். வழமையாய் அடி எடுக்கிறது நான், பதில்தான் அவர். நேற்று அவரே அடி எடுத்தார். தொண்டையைச் செருமி, மெல்லமாய், கஜானி சாப்பிட்டாளோ எண்டு பாடினார். பாடிப்போட்டுக் கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு காத்திருந்தார். திரும்பவும் பாடினார். பதில் எனக்கு வாய் வரைக்கும் வந்தது, நான் சொல்லேல்லை பிள்ளை. அது என்னட்டைக் கேட்ட கேள்வி இல்லை. பதில் வராமல் கயித்தை அவர் கீழை வைக்கவும் இல்லை.

இந்தக் கடிதம் கிடைச்ச பிறகு வாற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஃபோன் எடு. அப்பா எப்பிடி எண்டு கேளாதை, அழாதை, ஒண்டும் கதையாதை. நான் கயித்தைக் குடுத்து ஃபோனை முன்னாலை வைக்கிறன், அவர் கேப்பார், நீ பதில் பாடு. சின்னவளையும் மடியிலை வைச்சிரு, குளிருக்கு அவளின்ரை காதை மூடிக் கட்டு. நீங்கள் எல்லாரும் நீடூழி நல்லாய் இருக்க வேணும். மறக்காமல் சாப்பிட்டிட்டு எடு, அந்த மனிசனுக்குப் பொய் சொல்லப்படாது.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
மு. ஞானாம்பிகை