மாப்பிள்ளைக்குத் தாங்காது

மார்ச் 4, செவ்வாய்

இன்று மானம் கப்பலேறியது. பேருந்தில் ஒரே இரைச்சல். போனில் பேசிய நானும் சேர்ந்து கத்தினேன். எதிர்முனையில் என்னோடு வேலை செய்யும் தம்பி. "மாப்பிள்ளைக்கு நேத்து ராத்திரி பூரா வயித்தால போயிருக்கு. மேல உக்காந்தபடியே போயிட்டாரு. பொண்ணு தலையிலயும் கொஞ்சம் விழுந்திருக்கு. ரெண்டு பேரையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டு குழாயைப் போட்டுக் கழுவு" என்றேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், முன் இருக்கையில் எங்கள் கீழ்வீட்டு அம்மா.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைக்குமுன் மகள் கேட்டாள்: "எனக்கு எப்பப்பா கல்யாணம் ஆச்சு?"

கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், 'உங்க மாப்பிள்ளைக்கு இப்பத் தேவலையா' என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாலுக்கும் நான்தான் பொறுப்பாம்.

மாப்பிள்ளை என்பது கிப்பன் குரங்கு. வால் கிடையாது, கை மட்டும் தாராளம். மிருகக்காட்சிசாலையில் மழைக்காட்டுக் கூடம் திறந்த புதிதில் ஜோடியாக வந்ததுகள். யாரோ மாப்பிள்ளை, பொண்ணு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. இப்போது மாப்பிள்ளைக்கு முன்பல் இல்லை, பொண்ணுக்குப் புருவமெல்லாம் நரை. ஆனாலும் மாப்பிள்ளை, பொண்ணுதான். நம்மை யார் இந்த வயதில் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?

மார்ச் 7, வெள்ளி

கூடம் சொட்டுகிறது. மழைக்காடு என்றால் சொட்டத்தானே செய்யும் என்று கேட்கலாம். நாங்கள் குழாயில் திறந்துவிடுகிற மழை நின்ற பிறகும் சொட்டுகிறது என்பதுதான் விசேஷம். கண்ணாடிக் கூரையில் பாசி. சிமெண்ட் மரத்தில் பட்டை பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. இன்றைக்கு ஒரு பெண் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, மரத்துக்கு எலும்பு இருக்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியது.

கண்காணிப்பாளரிடம் மறுபடி சொன்னேன். "ஆகட்டும்" என்றார். எதைச் சொன்னாலும் ஆகட்டும்தான். எங்களுக்குள் அவர் பெயரே அதுதான்.

மார்ச் 15, சனி

ஆகிவிட்டது.

கூடத்தை மூடப் போகிறார்களாம். பழுது பார்ப்பதைவிட இடிப்பது லாபம். பறவைகள் ஒரு பக்கம், தவளைகள் ஒரு பக்கம். கிப்பன் ஜோடி, பெட்டியில் ஏறி நெடுந்தூரம் போய் இன்னொரு காட்சிசாலைக்கு. அங்கே திறந்த வெளி, நிஜ மரம். எனக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலை. "உக்காந்து பாக்குற வேலை. உங்க முட்டிக்கு நல்லது" என்றார் ஆகட்டும். என் முட்டி மேல் இவருக்கு இத்தனை கரிசனம் இருந்தது இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று.

காலையில் நான் உள்ளே விளக்குப் போட்டதும் இரண்டும் பாடும். மாப்பிள்ளை மெல்லத் தொடங்குவார், பொண்ணு அங்கிருந்து எடுத்து மேலே மேலே கொண்டுபோவாள், கண்ணாடியெல்லாம் அதிரும், உச்சியில் அவள் விட்ட இடத்தில் இவர் வந்து முடித்துவைப்பார். அது முடிகிற வரை நான் வாளியைக் கீழே வைப்பதில்லை. வைத்தால் சத்தம் கேட்கும்.

வண்டி நிறுத்துமிடத்தில் என்ன பாடும்? ஆரன்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரம்மா இரண்டையும் சோதித்தார். சின்ன வயது, கெட்டிக்காரி, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பொண்ணுக்குச் சிக்கல் இல்லை. மாப்பிள்ளையின் இதயத்தில் ஏதோ லேசான முனகல். அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி. மயக்க ஊசி, பெட்டி, அவ்வளவு தூரம்.

"தினமும் பாக்குறது நீங்க. மூச்சு வாங்குதாண்ணே?"

வாங்கும் என்றேன்.

"எப்பவாச்சுமா, அடிக்கடியா?"

போன குளிரில், கூடத்தைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய் வேலை செய்யாத அன்று வாங்கியது. கிளையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். குழாயைச் சரிசெய்ததும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் இல்லை.

"அடிக்கடி" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப பயணம் தாங்குமா?"

"தாங்காதும்மா."

அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஒன்று தங்கினாலும் கூடம் திறந்திருக்க வேண்டுமே, ஆள் வேண்டுமே — இது அப்போது மனதில் ஓடியதா, பிறகு ஓடியதா? அப்போதேதான். பொய் எதற்கு, இங்கேயுமா? ஆனால் பொண்ணையும் நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஜோடியைப் பிரிப்பார்கள் என்று யார் கண்டது?

மார்ச் 19, புதன்

பிரிக்கிறார்கள். அங்கே ஒரு ஆண் தனியாக இருக்கிறதாம். பொண்ணு மட்டும் போகிறாள்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன், மாப்பிள்ளைக்குப் பயணம் தாங்காது, அதனால் இங்கேயே விட்டுவிட்டார்கள் என்று. மனைவி, பாவம் என்றாள். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்குத் தாங்காதுப்பா?"

குரங்குக்குத்தான், வேறு யாருக்கு என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவளைப் படிக்கவைத்தது தப்பு.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிடலாம் என்று டாக்டரம்மாவின் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஆகட்டும் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். அவர் இல்லாவிட்டால் மட்டும் கிழித்திருப்பேனாக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

பொண்ணு யார் கூப்பிட்டாலும் பெட்டிக்குள் ஏறவில்லை. வந்திருந்த ஆட்கள் பழத்தைக் காட்டினார்கள், கம்பியைத் தட்டினார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெட்டிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு, வாடி பொண்ணு என்றேன். வந்துட்டா. ஒரு தடவை கூப்பிட்டதுக்கே வந்துட்டா. என் விரலைப் பிடிச்சா. நான் விரலை உருவின பிறகு கதவை இறக்கினாங்க.

மாப்பிள்ளை வலையின் உச்சியில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வண்டி கிளம்பும்போது ஆகட்டும் என் தோளில் தட்டினார். உங்கள் கை ராசியான கை என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

விளக்குப் போட்டேன். மாப்பிள்ளை தொடங்கினார். பொண்ணு எடுக்கவேண்டிய இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்னும் தொடங்குகிறார். நடுவில் நிற்கிறார். நான் வாளியைக் கீழே போட்டுச் சத்தம் பண்ணினேன், காத்திருப்பதையாவது விடட்டும் என்று. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று தொடங்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு குரங்குக்காக இத்தனை பெரிய கூடத்தைச் சூடாக்கி வைக்கமுடியுமா என்று மேலிடத்தில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. எனக்குத்தான் அது தோன்றாமல் போயிற்று. முதலாம் தேதி முதல் கூடம் பூட்டு. மாப்பிள்ளை பின்பக்கம் ஆஸ்பத்திரிக் கூண்டுக்கு. அங்கே வேறு ஆள் இருக்கிறான். நான் சீட்டுக் கிழிக்க.

ஆக, இதற்குத்தான். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் கதையைச் சொல்லிச் சொல்லி ஊரை எத்தனை தடவை சிரிக்கவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

மாப்பிள்ளையை மாற்றினோம். டாக்டரம்மா ஊசி வேண்டாம், முடிந்தவரை அவராக வரட்டும் என்றார். நான் பெட்டிக் கதவைத் தூக்கி வைத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. கிளையிலிருந்து இறங்கினார், தரையில் இரண்டு காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார், பெட்டிக்குள் போய் மூலையை முகர்ந்து பார்த்தார். ஒவ்வொரு மூலையாக. அப்புறம் உட்கார்ந்துவிட்டார். போன பெட்டியில் போனவள் இருக்கிறாளா என்று பார்த்திருப்பாரோ. நமக்கேன் இதெல்லாம் தோணுது.

தள்ளுவண்டியில் வைத்துக் கரடிப் பக்கமாகச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் கொண்டுபோனோம். வழியெல்லாம் குனிந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு போனேன். மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

"பரவாயில்லையே, ஜம்முனு வந்துட்டாரு" என்றார் டாக்டரம்மா.

மே 6, செவ்வாய்

சீட்டுக் கிழிப்பதில் ஒரு நுணுக்கமும் இல்லை. நேராகக் கிழிந்தாலும் கோணலாகக் கிழிந்தாலும் வண்டி உள்ளே போகும். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மகள் சாயங்காலம் வந்து, அட்டையை மடித்து அடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. போகும்போது, "வெயில்ல தொப்பி போட்டுக்குங்கப்பா" என்றாள்.

மே 27, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக் கூண்டுப் பக்கம் போனேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அந்த ஆள் சொன்னான். வாடா மாப்பிள்ளை என்று பழைய உரிமையில் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. மாமனாருக்கு அந்த மரியாதைதான் கிடைக்கும் என்றேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஜூன் 14, சனி

டாக்டரம்மா உள்ளே வரும்போது காரை என் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். பின்னால் வண்டிகள் ஆரன் அடித்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. முகமெல்லாம் மலர்ச்சி. அங்கிருந்து போன் வந்ததாம். பொண்ணு அந்த ஆணோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டாளாம். முதலில் அவனுக்கு முடிக்கத் தெரியவில்லையாம், இப்போது பழகிவிட்டானாம்.

"நல்ல சேதிம்மா" என்றேன்.

"எல்லாம் உங்களாலதாண்ணே. நீங்க மட்டும் அன்னைக்கு அடிக்கடி மூச்சு வாங்குதுன்னு சொல்லலேன்னா, நான் ரெண்டையும் சேர்த்தே அனுப்பியிருப்பேன். மாப்பிள்ளை வழியிலயே போயிருப்பாரு."

நான் குறுக்குக் கட்டையைத் தூக்கினேன். அவர் கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

ஒரே ஒரு நாள்தாம்மா வாங்குச்சு.