தோற்காத இடத்தில் தோற்றவள்

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளத்தில் வண்டி போனவர்கள், கடை போனவர்கள் எல்லோரும் இந்த வாரமே காப்பீடு கேட்டு வந்து நிற்கிறார்கள். மேசையில் கோப்புகளுக்கு நடுவே என் முகமே தெரியவில்லை. மாலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, நாளைக்கு டிவியில என் பேச்சு வருது. கண்டிப்பா பாரு. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு." பல்கலைக்கழகத்தில் செஸ் கணினி ஆராய்ச்சியில் சேர்ந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

ஆத்திரத்தில் எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

மேடையில் என் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினான்! நான் தேசியப் பட்டம் வென்ற கடைசி ஆட்டம். பலகையில் மிச்சம் ஏழே காய்கள். எனக்கு ராஜா, யானை, இரண்டு சிப்பாய். எதிரில் பனிக்கட்டிக்குக் கறுப்பு ராஜா, யானை, ஒரு சிப்பாய். முகத்தில் எதுவுமே தெரியாது என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அந்த இடத்தில் அவள் கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாள். எனக்குப் பட்டம். பட்டத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில், இந்த வேலை.

தம்பி சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "ஏழு காய் வரைக்கும் எல்லா நிலைக்கும் கணினிகிட்ட விடை இருக்கு. இங்க கறுப்பு ராஜா மூலைக்குப் போயிருந்தா ஆட்டம் டிரா. தோற்காத இடத்துல தோத்துட்டாங்க. இன்னும் பத்து வருஷத்துல செஸ்ஸை முழுசாவே தீர்த்துடுவோம், முதல் நகர்விலேருந்தே விடை தெரிஞ்சிடும்."

கைதட்டல்.

இதுதான் சர்ப்ரைஸா? ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?

கணவர் டிவியை அணைத்துவிட்டு, "விடும்மா, அவன் டெக்னிக்கலா பேசறான்" என்றார். டெக்னிக்கலாம்!

மார்ச் 6, வியாழன்

பக்கத்து மேசைக் காசாளர் கேட்டார்: "மேடம், பட்டத்தைத் திருப்பிக் கேப்பாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அம்மாவிடம் புலம்பினால், "சின்னப் பையன்டி, தெரியாம பண்ணிட்டான்" என்கிறாள். முப்பத்தெட்டு வயசு. தலையில பாதி முடி இல்ல. சின்னப் பையனாம்.

மார்ச் 8, சனி

இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"பத்து வருஷத்துல முடிச்சிடுவியா? நிஜத்தைச் சொல்லு."

பின்னந்தலையைச் சொறிந்தான். "முழுசாவா... இல்லக்கா. ஒரு காய் கூடினாலே கணினியில கிட்டத்தட்ட நூறு மடங்கு இடம் வேணும். எட்டுக் காய்க்கே இன்னும் மூச்சு முட்டுது. ஆரம்பத்துல பலகையில முப்பத்திரண்டு நிக்குது."

"அதே பலகையில வட்டக் காய் வெச்சு ஆடற செக்கர்ஸை முடிச்சாங்களே?"

"அது இதைவிட ரொம்பச் சின்ன ஆட்டம். எல்லா நிலையையும் எழுதி வைக்காம, தேவையானதை மட்டும் பாத்து முடிச்சாங்க. ரெண்டு பேரும் தப்பே பண்ணலேன்னா டிரா. செஸ்ஸுக்கும் யாராவது அப்படி ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சா உண்டு. வழியே இல்லைன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல."

"பின்ன எதுக்குடா மேடையில அப்படி அளந்தே?"

"முன் வரிசையில நிதி குடுக்கறவங்க உக்காந்திருந்தாங்க."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ! தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. அக்கா ஜெயிச்சது ஜெயிப்பே இல்லன்னு சொல்ல மட்டும் வாய் நிறைய வருதா? பெட்டியை அவன் கையிலேயே திணித்து வெளியே அனுப்பினேன். கதவை நான் சாத்திய வேகத்தில் கொக்கி கழன்று விழுந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பலகையை எடுத்து வைத்தேன். கறுப்பு ராஜாவை மூலைக்கு நகர்த்தினேன். மதியம் முழுக்க முட்டி மோதியும் உடைக்க முடியவில்லை. கணினி சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பனிக்கட்டி போன் செய்தாள். இருபது வருடங்களுக்குப் பிறகு.

"அந்த ஆட்டத்துக்கு அப்புறம் நான் பலகையைத் தொடல. நமக்கு இது வராதுன்னு முடிவு பண்ணி, பல் டாக்டருக்குப் படிச்சேன். இப்ப உங்க தம்பி சொல்றாரு, ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தா போதுமாம்." குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. வாங்க. அதே இடத்திலேருந்து ஆடலாம். முடிஞ்சா ஜெயிச்சுக் காட்டுங்க."

என்ன திமிர்! வர்றேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நோயாளிகள் காத்திருக்கும் அறை. கிராம்புத் தைல வாசனை. சுவரில் சொத்தைப் பல்லின் படம். காய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தாள். தலை நரைத்திருக்கிறது, முகம் அதே முகம்.

அவள் ராஜா மூலைக்குப் போனது. அடுத்த பல நகர்வுகளையும் யோசிக்காமலே ஆடினாள். கணினி சொன்னதை மனப்பாடம் செய்திருக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மனப்பாடத்தைக் குழப்பவென்றே, ஒரு பயனும் இல்லாமல் என் ராஜாவைப் பின்னால் நகர்த்தினேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. காது மடல் சிவந்தது. அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஆடினாள். நான் எதைக் குறிவைத்தாலும் அவள் யானை முன்னாலேயே அங்கே இருந்தது. இவளா ஆட்டம் வராதவள்?

ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தது. விதிப்படி அங்கேயே டிரா என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வேன்? காசாளர் சிரித்தது, அந்தக் கைதட்டல், எல்லாம் காதுக்குள். சிப்பாயைத் தள்ளினேன். அவள் யானை அதை வெட்டியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றையும். அவளுடைய ஒற்றைச் சிப்பாய் ஓடத் தொடங்கியது. என் ராஜா எட்டாத தூரத்தில்.

கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"டிரா கையில இருந்துதே! இதுல போய் எப்படித் தோத்தே? உனக்கென்ன பைத்தியமா?"

கத்தினாள். பனிக்கட்டி கத்தினாள்!

"உன்னை எவ்வளவு பெரிய ஆளுன்னு நினைச்சிட்டு ஒதுங்கிப் போனேன் தெரியுமா? நீயும் என்னை மாதிரிதானா?"

"அன்னைக்குக் கையை நீட்டினது நீ! நானா நீட்டச் சொன்னேன்? நீ பல்லு பிடுங்கப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

கீழ்த்தள மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க, பேசிட்டிருக்கோம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் நம்பவில்லை.

பிறகு டீ போட்டாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 17, திங்கள்

தம்பியின் செய்தி: "அக்கா, நகர்வுகளை அனுப்பு. எங்க தப்புன்னு கணினி சொல்லிடும்."

எங்க தப்புன்னு எனக்கே தெரியும்டா.

மார்ச் 22, சனி

பத்திரிகைக்காரர் ஒருவரிடம் தம்பி, "செஸ்ஸை முழுசா தீர்க்க முடியுமான்னு எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டானாம். துறைத் தலைவர் எரிந்து விழுந்தாராம். "உனக்காகத்தான் சொன்னேன்" என்றான். எனக்காக எதுக்கு? நிஜம்ங்கிறதுக்காகச் சொல்லு. ஆனாலும் வீட்டுக்கு வா என்றேன். வந்தான். கதவுக் கொக்கியை மாட்டிக் கொடுத்தான். இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். நேற்று பனிக்கட்டி போனில் பேசினாள். "பாதியிலேருந்து வேண்டாம். முதல்லேருந்து ஆடலாம். காலையிலேயே வந்துடு. வெள்ளை எனக்கு."

வெள்ளை அவளுக்காம். யாரைக் கேட்டு முடிவு பண்ணினா? இறங்கியதும் முதல் சண்டை அதுதான்.