சண்டையே போடாத அணிலும் மைனாவும்

என் அன்பு மச்சான் மாதையா,

எனக்குப் படிக்க வந்துவிட்டது! நீ நம்பமாட்டாய். இண்டூர் பஸ்ஸை இப்போது யாரையும் கேட்காமல் போர்டைப் படித்தே ஏறுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழங்களுக்கு வகுப்பு நடக்கிறது. இந்தக் கடிதமும் நானே எழுதுவதுதான். மெதுவாகத்தான் வருகிறது, நீயும் மெதுவாகவே கேள்.

ஆனால் படித்த சந்தோஷத்தில் ஒரு வினையை இழுத்துவிட்டேன்.

நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் ஒரு குழந்தைக் கதை. ஓர் அணில், ஒரு மைனா. பழம் கிடைத்தால் ஆளுக்குப் பாதி. கடைசிவரை ஒரு சண்டை கிடையாது. அதனால்தான் அவர்கள் நல்ல நண்பர்களாம். பெருமை தாங்காமல் உன் பேத்தி யாழினியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்கக் கேட்க அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப நானும் ஜனனியும் ஃப்ரெண்ட்ஸே இல்லீங்களா தாத்தா?"

கயிறு தாண்டுவதில் தகராறு. பக்கத்து வீட்டு ஜனனியிடம் காய் விட்டுவிட்டாள், பேச்சில்லை. ஜனனியின் அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள். பிள்ளையும் கூடப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்.

அச்சில் இருக்கிறதே என்று எனக்கே தடுமாற்றம். அப்படியானால் நீயும் நானும் யார்?

உனக்குச் செவலை, எனக்கு மயிலை, ஆளுக்கு ஒரு மாடு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டித்தான் இரண்டு காட்டையும் உழுதோம். மழை பெய்ததும் யார் காடு முதலில் என்று வருடா வருடம் சண்டை. பேச்சு நின்றுவிடும். ஆனாலும் விடிந்ததும் செவலையை ஓட்டிக்கொண்டு என் காட்டில் வந்து நிற்பாய். மாடுகளிடம்தான் பேசுவோம்.

"டேய் செவலை, கலப்பையை அழுத்திப் புடிக்கச் சொல்லுடா அவனை" என்பாய்.

"ஏ மயிலை, உழவு சொல்லித்தர வந்துட்டாரு பெரிய மனுசன்னு சொல்லு" என்பேன் நான்.

இதைச் சொன்னதும் யாழினி சிரித்தாள். பிறகு, "அவ்ளோ கோவத்துல எங்க தாத்தா ஏன் வந்தாரு?" என்றாள். ஒற்றை மாட்டை வைத்து நீயும் உழ முடியாது என்பதாலா? அது மட்டும்தானா மச்சான்? நீ இருந்தவரை உன்னை நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்து நின்றது. யாழினி தான் வளர்க்கும் ஆட்டுக்குட்டியை அணைத்தபடி ஜன்னலடியில் போய் நின்றாள். மேலே பார்க்கவில்லை.

"ஏ குட்டி, பொங்கலுக்கு வரணும்னு அவகிட்டச் சொல்லு."

உள்ளேயிருந்து ஜனனி, "குட்டி, அதுவரைக்கும் வேற யாரோடயும் கயிறு தாண்டக் கூடாதுன்னு அவகிட்டச் சொல்லு" என்றாள்.

பஸ் போய்விட்டது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை யாழினி அழுதாள். ஆட்டுக்குட்டியின் முதுகு நனைந்துவிட்டது.

நம் கதையை எழுதப்போகிறேன். "பிள்ளைங்க கதையில சண்டை வேணாம்ங்களே ஐயா" என்கிறார் வகுப்பு டீச்சர். சண்டையை எடுக்கமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. நீ ஏன் வந்தாய் என்று எனக்குத் தெரியாததால் அதை எழுதமாட்டேன். விடிந்தது, நீ செவலையோடு வந்து நின்றாய் என்று மட்டும் எழுதுவேன்.

நுகத்தின் இந்தப் பக்கம் நிற்கும்
உன் மச்சான்,
பச்சையப்பன்